முதல் வேண்டாம்

வஞ்சிக்கப்பட்டவள் நான்தான் அக்கா, வேறு யாருமில்லை. எப்படி வஞ்சிக்கப்பட்டேன் என்றால், என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள்.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். லுசாகா வர இன்னும் நேரமிருக்கிறது. இந்த பஸ்ஸும் ஒவ்வொரு ஊரிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் நகர்கிறது. நீங்கள் போனில், “ஏம்லே, அரிசிய ஊறப் போட்டியா?” என்று அதட்டினீர்களே, அப்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜாம்பியாவுக்கு நடுவில் ஒரு நாகர்கோவில்! நியாயம் கேட்க ஆளில்லையே என்று இருந்தவளுக்கு ஹைகோர்ட்டே பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த மாதிரி.

எதிர்க்கட்சிக்காரர்கள் பின்னால்தான் இருக்கிறார்கள். ஐயோ, திரும்பாதீர்கள்! பையை எடுக்கிற மாதிரி மெதுவாகப் பாருங்கள். வைக்கோல் நிற முடி, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து கிடக்கிறதே, அவள் லோட்டே. ஹாலந்துக்காரி. நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு ஊர் சுற்ற வந்தவள். நடைவழிக்கு இந்தப் பக்கத்து சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானே ஒரு நெட்டை, அவன் தெண்டாய். ஜிம்பாப்வேக்காரன், கேப் டவுனில் இன்ஜினியரிங் படிக்கிறான். நானும் அவர்களோடுதான் உட்கார வேண்டியது. கோபித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவளை ‘எங்கடி போற, வந்து உக்காரு’ என்று ஒரு வார்த்தை கூப்பிட வேண்டாமா? “அங்க ஜன்னல் நல்லா இருக்கு, இல்ல?” என்கிறாள். இதுதான் அவள்.

என் பெயர் கோப்பெருந்தேவி. விருத்தாசலம். அப்பா தமிழாசிரியர், அதனால்தான் பெயர் இப்படி, பேச்சும் இப்படி. எங்கள் வீட்டில் உப்பு கேட்பதைக்கூட எழுந்து நின்று கேட்பார்கள். இவர்களுக்கு முழுப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. “கோப்” என்று வெட்டிவிட்டார்கள். அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன் அக்கா.

நான் சென்னையில் எம்.ஏ. படிக்கிறேன். நமீபியாவில், விண்ட்ஹூக்கில், மாணவர்களுக்கு ஒரு கருத்தரங்கு. அதில் கட்டுரை வாசிக்க வந்தேன். என்ன கட்டுரையா? அது இப்போது எதற்கு? சரி, கேட்டுவிட்டீர்கள். ‘ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள்’ என்பது பற்றி. பிரமாதமாக வாசித்தேன். மேசையைத் தட்டினேன். அந்த ஊரைப் பார்க்க வந்த லோட்டே, இலவசக் காபிக்காகத்தான் அரங்குக்குள்ளேயே நுழைந்தாளாம், முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அன்று சாயங்காலமே விடுதிச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த தெண்டாயையும் சேர்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் சிநேகிதம். அவள் ஒரு வாடகைக் கார் எடுத்திருந்தாள். “நாங்க போட்ஸ்வானா வழியா விக்டோரியா அருவிக்குப் போறோம், நீயும் வா”, என்றாள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்பாவிடம் கருத்தரங்கு நீள்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நீண்டுகொண்டுதானே இருக்கிறது?

கஷ்டம் முதல் நாளே ஆரம்பித்தது. ரோடு என்றால் ரோடு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இரண்டு பக்கமும் முள்ளு மரம். லோட்டே ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். “கோப், வேணுமா?”

நீங்களே சொல்லுங்கள், எடுத்த எடுப்பில் “கொடு” என்று வாங்கித் தின்ன நாம் என்ன பஞ்சத்தில் அடிபட்டவர்களா? “வேண்டாம் வேண்டாம், நீ சாப்பிடு”, என்றேன். அவள், “சரி”, என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. கையை எடுத்துக்கொண்டாள். எல்லைச் சாவடி வருவதற்குள் பாக்கெட்டைக் காலி பண்ணி, உதறி, மடித்து வைத்துவிட்டாள். நான் பசியோடு ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்து ஆரஞ்சு. அடுத்து பில்டாங் என்று உப்புக் கண்டம் மாதிரி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு “வேணுமா?”, ஒரு “வேண்டாம்”, ஒரு “சரி”. அந்த ‘சரி’யைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். தெண்டாயாவது ‘இன்னொரு தடவை கேளு’ என்று அவளிடம் சொல்லக் கூடாதா? அவன் வண்டி ஏறினால் தூங்குகிற ஜாதி.

இந்தாருங்கள், இப்போது நீங்கள் நேந்திரங்காய் வறுவலை நீட்டுகிறீர்கள். வேண்டாம் அக்கா, நீங்கள் சாப்பிடுங்கள்... ஐயோ, எதற்கு இவ்வளவு... சரி, ஒரு பிடி... போதும், போதும்! பார்த்தீர்களா? நான் மறுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்து வைத்தீர்கள். இதற்குப் பெயர் நாகரிகம். இந்த பஸ் கிளம்பும்போது ஒருத்தர் எழுந்து நின்று ஜெபம் பண்ணினாரே, அவர்கூட ஆமென் சொல்லுங்கள், ஆமென் சொல்லுங்கள் என்று சளைக்காமல் கேட்டார். முதல் தடவை யாருமே சொல்லவில்லை. அவர் ‘சரி’ என்று உட்கார்ந்துவிட்டாரா?

விஷயத்துக்கு வருகிறேன். சிப்ஸ் போனால் போகிறது. ஒகவாங்கோ போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அது ஒரு ஆறு அக்கா. கடலுக்குப் போகாத ஆறு. எங்கேயோ மலையில் பிறந்து, அவ்வளவு தூரம் ஓடிவந்து, பாலைவனத்துக்குள் விரிந்து அங்கேயே முடிந்துவிடும். ஊரெல்லாம் கடலுக்குப் போ, கடலுக்குப் போ என்று சொல்லியிருக்கும். மாட்டேன் என்று விட்டது. சின்ன வயதில் புவியியல் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு பிரியம். கருத்தரங்குக்கு மனுப் போட்டதே அதைப் பார்க்கலாம் என்றுதான். காரில் ஏறியதிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். இவர்களுக்கும் தெரியும்.

மாவுன் என்ற ஊரில் தங்கி, காலையில் தண்ணீர்க் கரைக்குப் போனோம். அங்கே மொகோரோ என்று ஒரு தோணி. ஒல்லியாக, நீளமாக இருக்கும். பின்னால் ஒருவர் நின்றுகொண்டு கழியால் ஊன்றித் தள்ளுவார். உட்கார இரண்டு பேருக்குத்தான் இடம். முந்தின இரவு ஒரு பெரிய கூட்டம் வந்து மற்றத் தோணியையெல்லாம் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்று. நாங்கள் மூன்று பேர்.

லோட்டே என்னைப் பார்த்து, “கோப், நீயும் தெண்டாயும் போங்க. நான் கரையில இருக்கேன். போறியா?” என்றாள்.

நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. அவளும் அதற்காகத்தானே அத்தனை தூரம் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள்? நான் நெஞ்சில் கையை வைத்து, “ஐயோ, வேண்டாம், வேண்டாம். நீ போய்ட்டு வா, நான் இருக்கேன்”, என்றேன்.

“நிஜமாவா?” என்றுகூடக் கேட்கவில்லை. “சரி! ரொம்ப நன்றி!” என்று என் கன்னத்தில் ஒரு முத்தம். தோணிக்குள் கால். நான் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் கழியை ஊன்றிவிட்டார். நாணலுக்குள் போய் மறைந்தே விட்டார்கள்.

நாள் முழுக்க அந்தக் கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன் அக்கா. எனக்குத் துணை ஒரு கழுதை. ஆப்பிரிக்கக் கண்டத்து மிருகங்களிலேயே நான் ஆற அமரப் பார்த்தது அதைத்தான். சாயங்காலம் இவர்கள் வந்தார்கள். நீர்யானை கொட்டாவி விட்டதாம். யானை நீந்தியதாம். தண்ணீரில் அல்லிப்பூவாம், தோணிக்காரர் அதன் தண்டை வளைத்து மாலை பண்ணிக் கொடுத்திருக்கிறார். அதைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள் லோட்டே. வெந்த புண்ணில் வேல்!

அன்றைக்கு ராத்திரி அறையில் பிடித்தேன் அவளை. “ஏன் ரெண்டாவது தடவை கேக்கல?”

“நீதான் வேண்டாம்னு சொன்னியே?”

“அது முதல் வேண்டாம்!”

அவள் என்னையே பார்த்தாள். “மொத்தம் எத்தனை வேண்டாம் இருக்கு?”

நானும் பொறுமையாக விளக்கினேன். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், கேட்கிறவர் மனசாரத்தான் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாவதாக ஒரு வேண்டாம் வந்தால்தான் அது நிஜமான வேண்டாம். இதெல்லாம் எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றேன்.

“அப்போ உன் கட்டுரை?” என்று கேட்டாள் அக்கா அவள்!

“அது வேற துறை”, என்றேன். “அது உரிமை. இது உபசாரம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.” இதில் என்ன முரண்பாடு? உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. தெண்டாய் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குகிறான். அழுகிறான் என்று நினைத்தேன்.

லோட்டே மட்டும் சிரிக்கவில்லை. அந்த முதல் வேண்டாம் வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். “ஐயோ வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்.” சொல்லிக் கொடுத்தேன். கை எங்கே வைக்க வேண்டும் என்றுகூடக் கேட்டாள். அவளிடம் அந்தக் குணம் உண்டு, எதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வாள். அடுத்து தங்கின கசானே என்ற ஊரில் எனக்குக் காய்ச்சல் கொதித்தபோது, ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். யானைக் கூட்டம் பார்க்க வண்டி வந்து ஹாரன் அடித்தது, போகவில்லை. ‘நான் இருக்கட்டுமா?’ என்று ஒரு தடவையாவது கேட்டாளா? கேட்கவே இல்லை. அதையும் குற்றச்சாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது என்ன ஊர், சோமாவா? வாழைப்பழக்காரிகள் ஜன்னலுக்கே வந்துவிட்டார்கள். இல்லை அக்கா, எனக்கு வேண்டாம்... நீங்கள் வாங்கினால் ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

காரைக் கசானேயிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அப்புறம் விக்டோரியா அருவி ஊரில் தெண்டாயின் அத்தை வீடு. அவர்கள் பாஷையில் தேதே என்பார்கள், அப்பாவின் தங்கை, அச்சு அசல் நம் அத்தைதான், அதிகாரம் உட்பட. எனக்கு அந்த வீட்டு வாசலை மிதித்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் தேதே கேட்கவே இல்லை! கை கழுவத் தண்ணீர் ஊற்றினார், உட்கார வைத்தார், தட்டில் சட்ஸாவை வைத்தார். வெள்ளைச் சோளமாவுக் களி, நம் கேப்பைக் களி மாதிரி, மலையளவு. அதன் பக்கத்தில் தக்காளி வெங்காயத்தோடு வதக்கிய மடோரா.

மடோரா என்றால் புழு. ஆமாம், கம்பளிப்பூச்சி மாதிரி, விரல் தடிமன். காயவைத்து வறுப்பார்கள். விசேஷமான விருந்தாளிக்குத்தான் கொடுப்பார்களாம்.

லோட்டே, “வேண்டாம், நன்றி”, என்றாள். தேதே ஒரு கரண்டி போட்டார். “இல்ல, நிஜமாவே வேண்டாம்”, என்றாள். தேதே இன்னொரு கரண்டி போட்டு, “இவ்வளவு மெலிஞ்சு கிடக்கியே, உங்கம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பா?” என்றார். நான் புல்லரித்துப் போனேன். கண்டம் விட்டுக் கண்டம் வந்தும் உபசாரம் சாகவில்லை! லோட்டே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றாள். கண்ணோரத்தில் தண்ணீர். அவள் தட்டு காலியானதும் தேதே மறுபடியும் போட்டார்.

நானா? நான் வெள்ளிக்கிழமை சைவம் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கீரையும் நிலக்கடலைக் குழம்பும் வந்தது. அன்றைக்கு என்ன கிழமை என்பது இங்கே பிரச்சினை இல்லை அக்கா.

வெளியே வந்ததும் லோட்டே, “இப்பப் புரியுது கோப். இது இந்த மாதிரி ஊர்ல எல்லாம் இருக்கு. நான்தான் முட்டாள். இனிமே உன்னை விடமாட்டேன்”, என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பாலம்.

அந்தப் பாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் ஜிம்பாப்வே, அந்தப் பக்கம் ஜாம்பியா, நடுவில் கீழே கிடுகிடு பள்ளத்தில் ஜாம்பேசி ஆறு. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே கடக்கலாம். நட்டநடுவில் ஒரு கூட்டம், ஜனங்களின் காலில் கயிற்றைக் கட்டிப் பள்ளத்தில் தள்ளுகிறது. அதற்குக் காசு வேறு வாங்குகிறது. லோட்டே குதித்துவிட்டு, முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வந்தாள். “கோப்! நீ குதிக்கிறியா?”

“வேண்டாம்”, என்றேன்.

அக்கா, அவள் முகத்தில் ஒரு வாஞ்சை வந்தது பாருங்கள். என் தோளைத் தொட்டாள். “எனக்குத் தெரியும். குதி கோப், உனக்கும் சேத்துத்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

“வேண்டாம் லோட்டே!”

“ரெண்டாவது”, என்று தெண்டாயிடம் விரலைக் காட்டினாள். “நான் மனசாரத்தான் கேக்கறேன் கோப். எனக்கு ஒரு சிரமமும் இல்ல.” அதற்குள் கயிற்றுக்காரர் என் கணுக்காலுக்குத் துண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

நான் அலறிய அலறலில் அருவி ஒரு நிமிடம் நின்றிருக்கும். பாலத்துக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேசினேன். கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்து பேசினேன். “ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்! அதை எண்ணிப் பார்ப்பதற்கோ, எடை போட்டுப் பார்ப்பதற்கோ யாருக்கும் அதிகாரம் கிடையாது!” தலையில் தக்காளிக் கூடையோடு எல்லை கடந்துகொண்டிருந்த பெண்கள் நின்று கேட்டார்கள். ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினார். விண்ட்ஹூக்கில்கூட அவ்வளவு நன்றாகப் பேசவில்லை.

லோட்டே அப்படியே பாலத்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் இல்லை அக்கா, கோபமாக இருந்தால்கூடப் பதிலுக்குப் பேசியிருப்பேன். களைத்துப்போன மாதிரி சொன்னாள்: “கோப், உன் வேண்டாம்ல எது எதுன்னு எனக்குத் தெரியல. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு உன்னை ஆத்துல தள்ளிடுவேன், இல்லேன்னா கரையில விட்டுட்டுப் போயிடுவேன். இனிமே நான் எதையும் கேக்கப் போறதில்ல. உனக்கு வேணும்னா நீ கேளு.”

கேளுவாம்! நானாகப் போய்க் கேட்க வேண்டுமாம்!

இப்போது நிலைமை என்னவென்றால், லுசாகாவில் இறங்கினதும் இவர்கள் இரண்டு பேரும் மலாவிக்கு பஸ் மாறுகிறார்கள். அங்கே ஒரு ஏரி. கடல் மாதிரி இருக்குமாம், தண்ணீருக்குள் நீலமும் மஞ்சளுமாக மீன்கள் கண்ணாடித் தொட்டியில் பார்க்கிற மாதிரி தெரியுமாம். பாலத்தைத் தாண்டினதும் லிவிங்ஸ்டன் ஊரில் வரைபடத்தை என் மடியில் விரித்து வைத்துக்கொண்டே அந்த ஏரியைப் பற்றிப் பேசினார்கள். எங்கே கூடாரம் போடுவது, எங்கே படகு. கூடாரம் மூன்று பேர் படுக்கிற கூடாரம், நான் பார்த்தேன். ஒரு வார்த்தை, ‘கோப், நீயும் வர்றியா?’ என்று ஒரே ஒரு வார்த்தை? மாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். பிடிவாதம்.

எனக்கென்ன? லுசாகாவிலிருந்து எனக்கு விமான டிக்கெட் இருக்கிறது. தேதியை மாற்ற முடியுமா என்று சும்மா விசாரித்தேன். முடியுமாம். சும்மாதான் விசாரித்தேன். இந்தியாவுக்குப் போய்ப் படிக்க எவ்வளவோ இருக்கிறது. ஏரி என்ன ஏரி, எங்கள் பக்கத்தில் வீராணம் ஏரி இல்லையா? பஸ் நிலையத்தில் கட்டிப்பிடித்து, “போய் வா கோப்” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் திரும்பி நடந்துவிடுவாள். அவள் நடையைப் பார்த்தால் தெரியும், திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. அதற்கு எனக்கு ஏன் விக்கல் வர வேண்டும்? வாழைப்பழம் அக்கா, வேறொன்றுமில்லை.

என்ன சொல்ல வருகிறீர்கள்? நீங்கள் அப்போதிருந்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள். இருங்கள், முடித்துவிடுகிறேன். அதோ, காஃபூவே பாலம் வந்துவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் லுசாகா பக்கம்தான்.

எதற்கு என்னை இடிக்கிறீர்கள்? நானா? போய்க் கேட்பதா? என்னை யார் என்று நினைத்தீர்கள், நான் கோப்பெருந்தேவி... ஐயோ, தள்ளாதீர்கள் அக்கா, சரி, சரி, போகிறேன். உங்களுக்காகத்தான் போகிறேன். என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனேன். கேட்டேன். வந்துவிட்டேன். இப்போது திருப்தியா உங்களுக்கு?

என்ன கேட்டேனா? பஸ் ஆடுகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “லோட்டே, நானும் உங்க கூட மலாவி வரட்டுமா?” என்றேன். இங்கிலீஷில்தான். என் வாழ்க்கையில் இவ்வளவு பச்சையாக ஒரு விஷயத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. தெண்டாய் எப்போதோ முழித்துவிட்டான் போல, ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறான்.

அவள் நெஞ்சில் கையை வைத்தாள் அக்கா. வைத்துக்கொண்டு சொல்கிறாள், தமிழில்: “ஐயோ வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்.”

தமிழில்! நான் சொல்லிக் கொடுத்த தமிழ்! அந்தக் கையே நான் சொல்லிக் கொடுத்த கை! சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டில் வைத்திருந்த அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த சீட்டைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நான் எதற்கு நிற்க வேண்டும்? வேண்டாம் என்று சொன்ன இடத்தில் ஒரு நொடி நிற்க மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன். வந்துவிட்டேன்.

ஏன் அக்கா இப்படிச் சிரிக்கிறீர்கள்? பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. இவ்வளவு நேரம் என் கதையைக் கேட்டீர்களே, ஒரு பதில் சொன்னீர்களா? தீர்ப்புத்தான் என்ன, வாயைத் திறந்து சொல்லுங்களேன்!

“இன்னொருக்கா போய்க் கேளு, மக்ளே.”